பாதியைக் கொட்டவும்

சமையல் குறிப்பு பொதுவாகச் சாதுவான எழுத்து. ஒரு கப் எடுத்துக்கொள்ளச் சொல்லும், கட்டி இல்லாமல் கரைக்கச் சொல்லும், பொன்னிறமாக வரும்வரை பொறுக்கச் சொல்லும். யார் வம்புக்கும் போகாது. அப்படிப்பட்ட ஒரு குறிப்பு வடசென்னைக் கல்மண்டபத்தில் ஒரு குடும்பத்தை இரண்டு கட்சியாகப் பிரித்தது என்றால், அதில் இருந்த ஒரே ஒரு வரிதான் காரணம். "தினமும் காலையில் மாவில் பாதியைக் கொட்டிவிடவும்."

குறிப்பைக் கொண்டுவந்தவள் என் மகள். கொட்டக் கூடாது என்றவர் என் அம்மா, அதாவது அவளுடைய ஆயா. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்யும் ஆபீஸில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளுகிறவனுக்கு, இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாமல் நழுவும் வித்தை தானாக வந்துவிடும். என் மனைவி மட்டும், "ரெண்டு பேரும் முதல்ல அடுப்பங்கரையை விட்டு வெளிய வாங்க" என்று மூன்றாவது அணி அமைத்தாள்.

விவகாரம் இதுதான். மகளுக்குப் புளித்த மாவில் மசாலா பிஸ்கட் சுட ஆசை. சாதாரணப் புளித்த மாவு இல்லை, சவர்டோ ஸ்டார்ட்டர். கோதுமை மாவையும் தண்ணீரையும் சம எடையில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து வைத்தால், மாவோடு வந்த காட்டு ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சில நாளில் விழித்துக்கொண்டு நுரை கட்டும். அதற்குத் தினமும் புது மாவும் தண்ணீரும் தீனி. தீனி போடுவதற்கு முன்னால் பாட்டிலில் இருப்பதில் பாதியை வெளியேற்ற வேண்டும். மேல்நாட்டில் ரொட்டி சுடுகிறவர்கள், இப்படிக் கொட்டப்போகும் மாவைக் கொட்ட மனம் வராமல் தோசைக்கல் கேக்கிலும் பிஸ்கட்டிலும் சேர்க்கிறார்கள். இலை உதிரத் தொடங்கும் மாதங்களில் பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் போட்டுச் சுட்டால் வீடே மணக்குமாம்.

"நம்ம ஊர்ல இலை எப்பப்பா உதிரும்?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் தெருமுனை வாதாம் மரம் தை, மாசியில்தான் சிவந்து உதிர்க்கும். அதற்குள் கன்டெய்னர் லாரிகள் உரசிப் பாதி மரத்தை முன்கூட்டியே மொட்டையடித்திருக்கும். எங்களுக்கு அந்தப் பருவம் பிறந்ததைச் சொல்வது மீன். புரட்டாசி வந்ததும் பாதி வீடுகளில் கவுச்சி நிற்கும். காசிமேட்டில் வஞ்சிரம் விலை இறங்கும். இறங்கியதைக் கேள்விப்பட்டு, விரதம் இருப்பவர்கள் பெருமாளை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். அதை ஒட்டி ஆயுத பூஜை வரும். அமெரிக்காவில் அக்டோபர் கடைசியில் பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். இங்கே உள்ளே குங்குமமும் சில்லறையும் வைத்து, லேத் பட்டறை, லாரி ஷெட், வெல்டிங் கடை, பஞ்சர் கடை என்று ஒருவர் விடாமல் நடுரோட்டில் உடைப்பார்கள். கடைக்காரர்களுக்குத் திருஷ்டி கழியும், பைக்கில் வருகிறவர்களுக்கு முட்டி கழன்றுவிடும். அப்புறம் ஐப்பசி. துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று டிவியில் சொன்னால் பருவம் முழுதாக வந்துவிட்டது.

பட்டை, சுக்கு, கிராம்பு சேர்ந்த அந்த மசாலாவுக்கு அமெரிக்காவில் பூசணியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மெக்கார்மிக் என்ற மசாலாக் கம்பெனி 1934-ல் பூசணி இனிப்புக்கான பொடி என்று டப்பாவில் அடைத்து விற்றது. 2003-ல் ஸ்டார்பக்ஸ் அந்த ருசியைக் காபிக்குள் கொண்டுபோனது. அன்றிலிருந்து அங்கே செப்டம்பர் வந்தால் சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும்கூட அந்த வாசனை. பொடியில் மருந்துக்குக்கூட பூசணிக்காய் கிடையாது என்று மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மாவுக்கு அதில் ஒரு வேடிக்கையும் தெரியவில்லை.

"மீன் கொழம்புத் தூள்ல மட்டும் மீனா கீது?" என்றார்.

சண்டைக்கு வருவோம். பாட்டிலைக் கண்ட அன்றே விசாரணை தொடங்கிவிட்டது.

"இன்னாடி இது, நொர கட்டிக்கினு கீது? கெட்டுப் பூச்சா?"

"கெடல ஆயா. இப்பதான் உசுரு வந்துகீது." என் மகள் ஆபீஸில் ஆங்கிலமும் வீட்டில் தமிழும் ஆயாவிடம் ஆயா பாஷையும் பேசுவாள்.

"உசுரு வந்தத ஏண்டி தொட்டில கொட்ற?"

"பாதிதான் ஆயா."

"ரேஷன் கடையில க்யூல நின்னு, கல்லு பொறுக்கி, காய வெச்சு, மில்லுல குடுத்து அரைச்சுக்கினு வந்தா, நீ பாதிய கொட்டுவியா? எவன் சொன்னான்? அவன் நம்பர் குடு."

ரேஷன் கோதுமை விஷயத்தில் அம்மாவே தெரியாமல் ஒரு நல்லது செய்திருந்தார். பாக்கெட் மைதாவில் இருப்பதைவிட, தவிடு போகாமல் மில்லில் அரைத்த முழுக் கோதுமை மாவில் நுண்ணுயிர்கள் அதிகம். அதோடு குறிப்பு எழுதியவர்கள் குளிர்ந்த ஊர்க்காரர்கள். 'பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டு மடங்காகும்' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் அடுப்பங்கரை வெக்கையில் அது நான்கு மணி நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடை மேல் இறங்கியது. பாட்டிலுக்குக் கீழே ஒரு தட்டு, தட்டுக்குக் கீழே பழைய தினத்தந்தி என்று பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்ய வேண்டியிருந்தது.

கொட்டுவது ஏன் என்று மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். பாட்டிலில் 50 கிராம் இருக்கிறது. அதே அளவு மாவும் அதே அளவு தண்ணீரும் சேர்த்தால் 150 கிராம். மறுநாள் எதையும் எடுக்காமல் அதே விகிதத்தில் தீனி போட்டால் 450. அதற்கு மறுநாள் 1,350. ஐந்தாம் நாள் 12 கிலோவைத் தாண்டிவிடும். இரண்டு வாரம் விட்டால் ராயபுரம் தாங்காது. காகிதத்தில் எழுதிக் காட்டியபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. ஆயாவுக்குக் கலக்கவில்லை.

"ஒரு கரண்டி வெச்சிக்கினு மீதிய சுட்டுத் துன்னா கணக்கு அங்கியே நின்னுடும்ல?"

வணிகவியல் பட்டதாரியான என் மகளிடம் இதற்குப் பதில் இல்லை. உலகம் முழுக்க நல்ல நல்ல ரொட்டிக்காரர்கள் புத்தகம் புத்தகமாக எழுதிக் கடைசியில் வந்து சேரும் இடமும் அந்தக் கரண்டிதான்.

இங்கேதான் சிக்கல் வேறு பக்கம் திரும்பியது. மறுநாள் காலை மகள் எழுந்து வந்தபோது பாட்டிலில் ஒரு கரண்டி மட்டும் இருந்தது. மீதி, வெங்காயம், பச்சை மிளகாய், சீரகத்தோடு கரைச்ச தோசையாகித் தட்டில் இருந்தது. லேசான புளிப்போடு ஓரம் முறுகி வந்திருந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்கு மறுநாளும் தோசை. பிஸ்கட் சுட அரை கப் மாவாவது சேர வேண்டும். சேருவதற்குள் ஆயா விடிகாலையில் எழுந்துவிடுவார். வீணாகாமல் இருப்பதற்காக உண்டான பிஸ்கட், வீணாக்கவே தெரியாத வீட்டில் பிறக்க வழியில்லாமல் நின்றது.

மகள் பாட்டிலில் 'டோன்ட் டச்' என்று ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டினாள். ஆயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் ஒட்டினாள். ஆயா கண்ணாடி போட்டிருக்கவில்லை. கடைசியில் அவள் பாட்டிலைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் மீன் வைக்கும் தட்டில் ஒளித்தாள். புரட்டாசியில் அந்தத் தட்டைக் கழுவித் துடைத்துக் காலியாக வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த மாதம் ஆயா அந்தப் பக்கம் கையை நீட்டக்கூட மாட்டார். குளிரில் மாவு அடங்கிக் கிடக்கும், வாரம் ஒருமுறை தீனி போட்டால் போதும். நல்ல யோசனைதான். ஆனால் புரட்டாசிக்கும் ஒரு கடைசி நாள் உண்டே. ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து வஞ்சிரமும் இறாலும் திரும்பி வந்தன. பழைய குடித்தனக்காரருக்குத்தான் முதல் உரிமை. பாட்டில் வெளியேற்றப்பட்டது.

அதற்குள் அவளிடம் தேவையான மாவு சேர்ந்திருந்தது. ஆயாவுக்கும் ஆர்வம் வந்துவிட்டது, ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "இதெல்லாம் நம்ம அதிரச மாவுதாண்டி. பாகு காச்சி, ஏலக்கா சுக்கு தட்டிப் போட்டு, மாவ ஊற வெச்சு தீவாளிக்கு சுடறோம்ல? அத்தத்தான் வெள்ளக்காரன் பாட்டில்ல அடைச்சுக்கினான்."

வெளிநாட்டில் எதைக் கண்டாலும் நம் பாட்டி அதை எப்போதோ செய்துவிட்டாள் என்று சொல்வதில் நமக்கு ஒரு சுகம். சொந்தப் பாட்டியே அதைச் சொன்னாலும் நான் இங்கே ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அதிரசம் பொங்குவதில்லை. ஈர அரிசி மாவு வெல்லப் பாகில் ஊறிப் பதமாகிறது, அவ்வளவுதான். இட்லி மாவு பொங்கும். ஆனால் அதைப் பொங்க வைப்பதில் பெரிய பங்கு ஈஸ்டுக்கு இல்லை, லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. அதுவும் உளுந்தையும் அரிசியையும் நம்பி வாழ்கிறது, கண்ணாடி பாட்டிலில் பரம்பரை பரம்பரையாகக் குடியிருப்பதில்லை. தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். கல்யாணப் பத்திரிகை வைக்கலாம், சொத்தில் பங்கு கேட்க முடியாது. நெருங்கிய சொந்தம் நம் ஊரில் இருக்கத்தான் செய்கிறது. அது எங்கே என்று பேக்கரியில் தெரிந்தது.

முதலில் மசாலா. நாட்டு மருந்துக் கடையில் சீட்டை நீட்டினேன். சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய், ஏலக்காய், மிளகு, பட்டை. கடைக்காரர் சீட்டையும் என்னையும் பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்குண்ணா பிரசவம்?" என்றார். பிஸ்கட்டுக்கு என்றேன். அவர் பொட்டலம் கட்டி முடிக்கும்வரை என்னை நம்பவில்லை.

பட்டையில் ஒரு விஷயம் இருக்கிறது. நாம் கடையில் 'பட்டை' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் தடித்த ரகம். காரமும் கனமும் உள்ள அது பிரியாணிக்கு ஏற்றது. இனிப்புப் பலகாரத்துக்கு இலங்கையில் விளையும் மெல்லிய சுருள் பட்டைதான் சரி, விரலால் நசுக்கினாலே நொறுங்கும். கிராம்புக்கு எங்கும் போக வேண்டாம். கன்னியாகுமரி மலைக் கிராம்பு புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு.

கிராம்பை மோந்து பார்த்தபோது எனக்குத் தொழில் புத்தி வந்தது. டச்சுக்காரர்கள் 1610-ல் பழவேற்காட்டில் கால் வைத்து, 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். கல்மண்டபத்திலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், எண்ணூர் தாண்டிப் போனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தை இன்றும் பார்க்கலாம். அவர்கள் குறி வைத்தது நம் கடற்கரையில் நெய்த துணி. மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வைத்திருந்தவர்கள் பண்டமாற்றாக இந்தத் துணியைக் கேட்டார்கள். ஆக, இங்கிருந்து துணி ஏறியது, தீவில் துணி இறங்கிக் கிராம்பு ஏறியது, கிராம்பு ஆம்ஸ்டர்டாமில் இறங்கியது. அதைப் போட்டு டச்சுக்காரர்கள் டிசம்பர் ஆரம்பத்தில் புனித நிக்கோலஸ் திருநாளுக்கு ஸ்பெகுலாஸ் என்ற மசாலா பிஸ்கட் சுட்டுக்கொண்டார்கள். இந்த மூன்று முனை வியாபாரத்தில் நமக்கு வர வேண்டிய பிஸ்கட் மட்டும் வரவே இல்லை. நானூறு வருடத்துக்கு டெமரேஜ் போட்டால் நெதர்லாந்தை எழுதித்தான் வாங்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை, கணக்கில் இருக்கட்டும்.

அடுத்தது வெண்ணெய். 'அறை வெப்பநிலையில் உள்ள 100 கிராம் வெண்ணெய்' என்று குறிப்பு கேட்டது. எங்கள் அறை வெப்பநிலையில் வெண்ணெய் என்று ஒரு பொருளே கிடையாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, கத்தி தேடி வருவதற்குள் அது நெய்யாக முடிவெடுத்துவிடும். மகள் கிண்ணத்தை ஐஸ் கட்டி மேல் வைத்துக்கொண்டு கலக்கினாள். ஐஸும் காசிமேட்டு ஐஸ்தான், மீன் வாங்கும்போது வாங்கியது. வெண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் குழைந்த பிறகு பாட்டில் மாவு அரை கப், மைதா, அரைத்த மசாலா, அரை டீஸ்பூன் சமையல் சோடா. பிஸ்கட்டை உப்ப வைப்பதில் புளித்த மாவின் ஈஸ்டுக்குப் பெரிய வேலை இல்லை. அதன் புளிப்பு சோடாவோடு மோதி வாயு கிளப்புகிறது. நாக்கில் நாட்டுச்சர்க்கரை திகட்டாமல் பார்த்துக்கொள்வதும் அந்தப் புளிப்புதான். பிசைந்ததை இரவு முழுக்கக் குளிரில் வைத்தார்கள். மேல்தட்டில் வஞ்சிரம், கீழ்த்தட்டில் மசாலா பிஸ்கட் மாவு, நடுவில் ஆயா வைத்த இட்லி மாவு எல்லைப் பாதுகாப்புப் படையாக.

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பழைய பேக்கரி இருக்கிறது, இன்னும் விறகு அடுப்பு. ராயபுரத்தில் டிசம்பர் மாதம் கிறிஸ்தவ வீடுகளிலிருந்து கேக் மாவைத் தட்டில் ஊற்றி எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு வருவார்கள். தட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வேக வைத்துத் தருவார்கள். அந்த நம்பிக்கையில் அக்டோபரிலேயே போனோம். ரொட்டி எல்லாம் வெளியே வந்து, அடுப்பு தணல் தணிந்திருந்த நேரம். பிஸ்கட்டுக்கு அந்த மிச்சச் சூடுதான் பதம். மாஸ்டர் அடுப்பு வாய்க்குள் கையை நீட்டி, மனசுக்குள் எதையோ எண்ணிவிட்டு, "வைக்கலாம்" என்றார். தெர்மாமீட்டர் கொண்டுவந்திருந்த என் மகள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அம்மோனியா போட்டியாம்மா?" என்று கேட்டார் மாஸ்டர். பேக்கரி பிஸ்கட் மொறுமொறுப்பாக வர அம்மோனியம் பைகார்பனேட் போடுவது வழக்கம். சூட்டில் அது முழுக்க வாயுவாகிப் போய்விடும், போகும்போது மூக்கை ஒரு அறை அறைந்துவிட்டுப் போகும். ஜெர்மனியில் மசாலா பிஸ்கட்டுக்கு ஒருகாலத்தில் மான் கொம்பைக் காய்ச்சி எடுத்த உப்பைப் போட்டார்கள், சரக்கு இதே வகைதான்.

போடவில்லை என்று மகள் பாட்டிலைத் திறந்து காட்டினாள். மாஸ்டர் மோந்து பார்த்தார். இளவயதில் குன்னூர் பக்கம் பேக்கரியில் வேலை பார்த்தவராம். முகம் மலர்ந்துவிட்டது.

"இது வர்க்கிக்குப் போடுற மாவு மாதிரில்ல இருக்கு!"

ஊட்டி வர்க்கி தின்னாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. ஊட்டிக்குப் போய்வந்த எவரும் ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து, ஆபீஸில் எல்லார் மேஜையிலும் சிந்தியிருப்பார்கள். அந்த அடுக்கடுக்கான பிஸ்கட்டுக்குப் பழைய முறையில் கடை ஈஸ்ட் போடுவதில்லை. மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் கலந்து புளிக்க வைத்த ஒரு சேர்மானம் போடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வெறும் 'மாவு'. அதைக்கொண்டு பிசைந்து, அடுக்கடுக்காக மடித்து, விறகு அடுப்பில் சுடுவார்கள். 2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. புளித்த மாவில் பிஸ்கட் சுடும் ஆட்களைத் தேடி என் மகள் இன்ஸ்டாகிராமில் அமெரிக்கா வரை போயிருந்தாள். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியிருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஆயா அதிரசக் கட்சியை அந்த நிமிடமே கலைத்துவிட்டார். "வாழப்பயம் போடணும்னு மொதல்லயே சொல்லி இருந்தா, நானே குடுத்திருப்பேன்ல? வெறும் மாவும் தண்ணியும் போட்டா அதுக்கு எப்டி வாய்க்கு ருசியா இருக்கும்?" அதாவது பாட்டிலில் இருந்ததன் வாய்க்கு.

பிஸ்கட் நன்றாகவே வந்தது. காப்பிக்கொட்டை நிறம், ஓரம் மொறுமொறு, நடுவில் கொஞ்சம் மெத்து. தட்டு வெளியே வந்ததும் எழுந்த வாசனைக்குப் பேக்கரி வாசலில் பால் பாக்கெட்டோடு போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மகள் அதை டீக்கடையிலும் கொடுத்துக் கருத்து கேட்டாள். வடசென்னை டீக்கடையில் பிஸ்கட்டுக்குப் பரீட்சை ஒன்றுதான்: டீயில் நனைத்தால் கையோடு வர வேண்டும், கிளாஸுக்குள் விழக் கூடாது. இது விழவில்லை. லாரி டிரைவர் ஒருவர் பொறுமையாகத் தின்றுவிட்டு, "பொறைக்கு அண்ணன் மாதிரி கீதுமா, ஆனா இருமலுக்கும் கேக்கும் போல" என்றார். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, டப்பாவைத் தன் அலமாரிக்கு மாற்றிவிட்டாள். கருத்து தெரிவிக்க அது போதும். ஆயா கடைவாயில் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "தீவாளி லேகியத்த சுட்டு அடுக்கின மாரி கீது. இன்னொன்னு குடு."

மறுநாள் காலை எல்லாம் நமத்துவிட்டன. நாட்டுச்சர்க்கரை ஈரத்தை இழுக்கும் சாதி. ஐப்பசி மாதம் கடற்காற்றில் எங்கள் தெருவில் உப்பு ஜாடியே கண்ணீர் விடும், பிஸ்கட் எம்மாத்திரம். தோசைக்கல்லை லேசாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு மேலே பரப்பி வைத்து ஆற விட்டால் மறுபடி மொறுமொறுப்பு வரும். ஆயா அதற்கும் சம்மதிக்கவில்லை. "நமத்தா இன்னா? பல்லு இல்லாதவ துன்னட்டும்" என்று பாதி டப்பா அவர் பங்குக்குப் போனது.

அந்த வருடம் டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. 2023-ல் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வாசற்படி வரை, கரண்ட் போய்விட்டது, ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரி ஆனது. அவரவர் ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், படிப்புச் சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண் மேல் வைத்தோம். பார்த்தால் பைகளுக்கு நடுவில் அந்த பாட்டில் இருந்தது. மகள் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். வைத்தவர் ஆயா. சான் பிரான்சிஸ்கோவில் 1849-ல் தொடங்கிய போடீன் என்ற ரொட்டிக் கடை இன்றும் இருக்கிறது. 1906 பூகம்பத்தில் ஊர் எரிந்தபோது கடைக்கார அம்மாள் தாய் மாவை ஒரு மர வாளியில் அள்ளிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினார் என்று அந்தக் கடையில் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டு வாளி அந்த நேரம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்ததால் பரண்தான் கிடைத்தது. இருட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஆயா கேட்டது இதுதான்: "அதுக்கு சோறு போட்டியாடி?"

இப்படி மாவைக் காப்பாற்றி வைப்பதற்கென்றே பெல்ஜியத்தில் சாங்க்ட் விட் என்ற ஊரில் 2013 முதல் புளித்த மாவுக்கு ஒரு நூலகம் நடக்கிறது. பல நாட்டு பாட்டில்கள், நூற்றுக்கு மேல், ஃப்ரிட்ஜ்களில் வரிசையாக, நம்பர் போட்டு. அந்தந்த ஊர் மாவையே வரவழைத்துத் தீனி போட்டு வளர்க்கிறார்கள். மகள் வீடியோவைக் காட்டியபோது ஆயா வரிசை வரிசையாக எல்லா பாட்டில்களையும் பார்த்தார்.

"இம்மாம் மாவ வெச்சிக்கினு ஒருத்தன்கூட தோச சுடலியே" என்று வருத்தப்பட்டார்.

வீட்டில் இப்போது ஒப்பந்தம் ஆகிவிட்டது. தீனி போடுவது ஆயா. பாதியில் பாதி தோசைக்கு, மீதிப் பாதி மீன் தட்டுக்குக் கீழே புதிதாக ஒதுக்கிய இடத்தில் பிஸ்கட்டுக்குச் சேரும். இதற்கு மேலும் மாவு மிஞ்சுகிறது, ஏனென்றால் ஆயாவுக்குத் தீனி போடுவதில் கை தாராளம்.

அதனால் கல்மண்டபம், ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் இருக்கும் வாசகர்கள் யாருக்காவது இந்தப் புளித்த மாவு வேண்டுமானால் தாராளமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம். பாத்திரம் கொண்டுவரவும். விளக்கு வைப்பதற்கு முன்னால் வரவும், பொழுது சாய்ந்த பிறகு உறைமோரும் உப்பும் ஊசியும் கொடுக்காத ஆயா, இந்த மாவையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார். வாங்கிப்போய் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். கொட்டப் போகிறீர்கள் என்றால் அதை மட்டும் ஆயாவிடம் சொல்லாதீர்கள்.